பாடசாலையில் ஒதுக்கப்படும் பால்புதுமைப் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி

"பொன்ஸ்", "ஒன்பது", "அலி". தரம் 6, 7இலேயே இந்தச் சொற்கள் ஒரு பிள்ளையின் பெயராக ஒட்டிக்கொள்கின்றன. ஒரு பையனின் நடையில் கொஞ்சம் நளினம் இருந்தால் போதும், ஒரு பெண்பிள்ளை முடியைக் கட்டையாக வெட்டினால் போதும். அந்தப் பிள்ளை தன்பாலீர்ப்புள்ள பிள்ளையா, திருநங்கையா, திருநம்பியா, இவை ஒன்றுமே இல்லையா என்பது ஏசுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவையும் அவர்களுக்கு இல்லை.

பால்புதுமை என்பது ஈர்ப்பிலோ பாலினத்திலோ ஊர் எதிர்பார்ப்பதிலிருந்து வேறுபட்டிருப்பது. இது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அப்படிப்பட்ட, அல்லது அப்படியென்று ஏசப்படும் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்கானது: வகுப்பாசிரியர், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், ரியூசன் மாஸ்டர், தாய் தகப்பன், மாமி, மூத்த அக்கா. பிள்ளையை மாற்றுவது எப்படி என்று இதில் தேட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990இலேயே எடுத்துவிட்டது. மாற்ற வேண்டியது பிள்ளையைச் சுற்றி நடப்பதைத்தான்.

எதைச் செய்யத் தொடங்கினாலும் முதலில் இரண்டு விடயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது ஒன்று. பிள்ளை யார் என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிடமும் தேவைப்பட்டால் பொலிஸிடமும் உரத்துப் பேசலாம். இரண்டாவது பிள்ளையின் சொந்த விடயம், அதை யாருக்கு எப்போது சொல்வதென்று பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். உதவி செய்யப் போய்ப் பிள்ளையை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

பிள்ளை வாய் திறக்கும்போது

பிள்ளைகள் நேரே சொல்வது அரிது. "சேர், எனக்கு இனி ஸ்கூலுக்கு வர விருப்பமில்ல", "ரீச்சர், இடம் மாத்தி இருக்கலாமா" என்றுதான் தொடங்கும். அந்த நேரம் வகுப்பறையில் வைத்துக் கிண்டிக் கேட்காதீர்கள். கதவு திறந்திருக்க வேண்டும், ஆனால் பேச்சு வெளியே கேட்கக்கூடாது. அப்படி ஓர் இடம் பாருங்கள். நூலகத்தின் ஒரு மூலை போதும். ஆசிரியர் ஓய்வறை சரிவராது.

கேட்க வேண்டிய கேள்வி "நீ அப்படியா?" என்பதல்ல. "என்ன நடந்த மனே? ஆர் செய்த? எத்தின நாளா நடக்குது?" என்று கேளுங்கள். பிள்ளை தானாகவே தன்னைப் பற்றிச் சொன்னால், "சொன்னது நல்லது. இது வேற ஆருக்குத் தெரியும்? ஆருக்குத் தெரியக்கூடாது?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்குமான விடை பின்னால் எல்லாக் கட்டத்திலும் தேவைப்படும். பிள்ளைக்கு எந்தப் பெயர் பிடிக்கிறது, அந்தப் பெயரை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்பதையும் கேட்டு வையுங்கள். தனியே பேசும்போது ஒரு பெயர், பெற்றோர் கூட்டத்தில் இன்னொரு பெயர் என்று பிள்ளை கேட்டால் அது ஏமாற்று அல்ல, பாதுகாப்பு.

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்" என்று முழு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் துன்புறுத்தல் நடந்திருந்தாலும், உயிருக்கு ஆபத்து இருந்தாலும் நீங்கள் இன்னொருவரிடம் போக வேண்டிவரும். ஆகவே பேச்சின் தொடக்கத்திலேயே, "உன்ட உயிருக்கு ஆபத்து, இல்லாட்டி ஆரும் உன்னைத் தொட்டு ஏதும் செய்தது எண்டா மட்டும் நான் உதவி தேடுவேன், அதையும் உன்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் செய்வேன். மத்ததெல்லாம் என்னோட இருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு உடைக்கப்படும் வாக்கைவிட முதலே சொல்லப்படும் எல்லை பிள்ளைக்கு நிம்மதி.

வகுப்பறையில் பத்து விநாடி

கேலி தொடர்வதும் நிற்பதும் ஆசிரியரின் முகத்தில் இருக்கிறது. யாரோ பின் வாங்கிலிருந்து "ஒன்பது" என்கிறார், வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியர் கேளாததுபோல் கரும்பலகைக்குத் திரும்புகிறார். அன்றைக்கு அந்த வகுப்பு அனுமதி வாங்கிவிட்டது. ஆசிரியரும் சேர்ந்து சிரித்தால், அந்தப் பிள்ளையைப்போல் நடந்து காட்டினால், சொல்லவே வேண்டாம்.

செய்ய வேண்டியது சிறியது. சொன்னவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "அந்தச் சொல் இந்த வகுப்பில பாவிக்கிறதில்ல. கொப்பிய எடுங்க" என்று சொல்லிப் பாடத்துக்குப் போங்கள். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நீண்ட புத்திமதி தொடங்கினால் முழு வகுப்பும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். "உனக்கு ஒண்டுமில்லத்தானே மகன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்பதும் அப்படித்தான், நல்ல எண்ணத்தோடு கேட்டாலும் பிள்ளை கூசிப்போகும். பாடம் முடிந்தபின் கொப்பி கொண்டுவரச் சொல்லி அந்தச் சாட்டில் ஒரு வார்த்தை பேசுங்கள். காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கியில் "சில மாணவரைக் கேலி செய்வதாக அறிகிறோம்" என்று அறிவிப்பதும் இதே காரணத்தால் தவறு. பெயர் சொல்லாவிட்டாலும் எல்லார் கண்ணும் ஓரிடத்துக்கே போகும்.

கூத்து இருக்கும் மண் இது. வடமோடி, தென்மோடி இரண்டிலும் ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆட, ஊர் விடியும்வரை இருந்து பார்த்திருக்கிறது. தமிழ்த் தினப் போட்டி நாடகத்துக்குப் பெண் பாத்திரம் வேண்டுமென்றால் நளினமான பையனைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். பரிசோடு வந்த அடுத்த வாரம் அதே நடைக்கு அவனுக்குக் கேலி. நாடகத்துக்கு எடுக்குமுன் பிள்ளையைத் தனியே கேளுங்கள், மறுத்தால் விடுங்கள். நடித்தால், அதை வைத்துப் பட்டம் வைப்பவர்களை முதல் நாளே நிறுத்துங்கள்.

துன்புறுத்தல் வகுப்பில் நடப்பதைவிட வெளியில் நடப்பது அதிகம்: சைக்கிள் நிறுத்துமிடம், தண்ணீர்க் குழாயடி, கழிவறை, பஸ் தரிப்பிடம், மாலையில் ரியூட்டரி வாசல். பிள்ளையோடு உட்கார்ந்து பாடசாலையின் வரைபடம் ஒன்றைக் கீறி, பயமான இடங்களுக்குப் புள்ளடி போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு இடங்கள்தான் வரும். அந்த இடத்தில் அந்த நேரத்தில் ஒரு ஆசிரியர் நிற்க ஒழுங்கு செய்தாலே பாதி குறையும். இடைவேளையில் பிள்ளையோடு இருக்க இரண்டு மூன்று நண்பர்களைப் பாருங்கள். ஆனால் அவர்களுக்கு "இவர் இப்படிப்பட்டவர்" என்று காரணம் சொல்ல வேண்டாம், "இவரைத் தனிய விடாதீங்க" என்பது போதும். மாணவர் தலைவர்களை நம்பி விடுமுன் ஒரு தடவை யோசியுங்கள். தொல்லை கொடுப்பவர்களில் ஒருவரே மாணவர் தலைவராக இருப்பதும் உண்டு.

கழிவறை தனியாகப் பேச வேண்டிய விடயம். அடி, பறிப்பு, கதவைத் தட்டிக் கேலி எல்லாம் அங்கேதான். அதனால் பிள்ளை காலை 7.30இலிருந்து 1.30வரை தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கும். எங்கள் வெயிலில் இதன் முடிவு தலையிடி, சிறுநீர்த் தொற்று, அடிக்கடி லீவு. தீர்வு கடினமானதல்ல. இடைவேளை மணிக்கு ஐந்து நிமிடம் முன்னே போக வகுப்பாசிரியர் விடலாம். நோயாளர் அறைக் கழிவறையையோ ஆசிரியர் கழிவறையையோ பாவிக்க அதிபர் அனுமதிக்கலாம். "வயிற்றுப் பிரச்சினை" என்ற காரணமே போதும், ஒருவரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

வெள்ளைக் கவுணுக்குள் ஒவ்வொரு நாளும் மூச்சுமுட்டும் திருநம்பிப் பிள்ளைக்கு, விளையாட்டு உடையான ரீசேட்டும் நீளக் காற்சட்டையும் எந்த நாட்களில் அனுமதி என்று பார்த்து அந்த நாட்களைக் கூட்டலாம். விளையாட்டு அணி, பாண்ட் குழு, சாரணியம் இதற்கு உதவும். சீருடையையே மாற்றக் கேட்பது இன்றைய நிலையில் பிள்ளையை வெளிச்சம் போட்டுக் காட்டும். பிள்ளையே கேட்டாலொழிய அந்த வழிக்குப் போகாதீர்கள்.

ஒரு கொப்பி

புகார் தோற்பது பெரும்பாலும் பொய் என்பதால் அல்ல, நாள், நேரம், இடம் இல்லாததால். 80 பக்கக் கொப்பி ஒன்று எடுத்து, நடந்த அன்றே எழுதுங்கள். பிள்ளை எழுதுவது நல்லது, இயலாவிட்டால் நீங்கள் கேட்டு எழுதலாம். கொப்பி புத்தகப் பையில் இருக்கக்கூடாது. பறிபோகும், வாசிக்கப்படும். நம்பிக்கையான பெரியவர் ஒருவரின் வீட்டில் இருக்கட்டும்.

ஒரு பதிவு இப்படி இருக்க வேண்டும்: "3ஆம் திகதி, திங்கள், காலை 10.40. சைக்கிள் நிறுத்துமிடம். தரம் 10 பையன்கள் மூன்று பேர் (பெயர்கள்). பையைப் பறித்துக் குழாயடிச் சேற்றில் போட்டார்கள். 'ஒன்பது, நீ பெட்டையளோட போ' என்று சொன்னார்கள். ஒருவர் முதுகில் இரண்டு தரம் அடித்தார். பார்த்தவர்கள் இருவர் (பெயர்கள்). கடமையில் நின்ற ஆசிரியரிடம் சொன்னேன். 'நீயும் ஒழுங்கா நட' என்றார்."

சொன்ன வார்த்தை சொன்னபடியே இருக்க வேண்டும். "கெட்ட வார்த்தையால் ஏசினார்கள்" என்று சுருக்கினால் விசாரணையில் அது "பகிடி" ஆகிவிடும். காயம் இருந்தால் அன்றே அரச வைத்தியசாலைக்குப் போய், எப்படி வந்ததென்று வைத்தியரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். கிழிந்த சேட்டைக் கழுவாமல் எடுத்து வையுங்கள்.

கொப்பியில் பிள்ளையின் காதல், ஈர்ப்பு, அடையாளம் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம். இது வெட்கத்துக்காகச் சொல்வதல்ல. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. அவை குற்றமாக்குவது ஒரே பாலினத்தவரிடையிலான பாலுறவுச் செயலை. ஒருவர் தன்பாலீர்ப்புள்ளவராக இருப்பதையோ திருநங்கையாக இருப்பதையோ அல்ல. இப்பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் திருத்தம் நிறைவேறவில்லை. ஆகவே உறவு பற்றி நீங்கள் எழுதி வைக்கும் ஒரு வரி, பாதிக்கப்பட்ட பிள்ளையையே குற்றவாளிபோல் மிரட்ட யாருக்காவது உதவலாம். எழுத வேண்டியது அடித்தவர் செய்ததை.

அதிபரிடம்

முதலில் வகுப்பாசிரியர், பிறகு பகுதித் தலைவர், பிறகு அதிபர். அடி, பாலியல் தொல்லை, ஆசிரியரே செய்த துன்புறுத்தல் என்றால் படி ஏற வேண்டியதில்லை, நேரே அதிபர். வாய்ச் சொல்லாகப் போகாதீர்கள். பேசப் போகும்போதே கடிதத்தோடு போங்கள், பிரதியில் திகதியிட்டு ஒப்பமும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள்.

கடிதத்தின் நடு இப்படி இருக்கலாம்: "கடந்த 3ஆம் திகதி திங்கட்கிழமை காலை 10.40 மணியளவில், பாடசாலைத் துவிச்சக்கரவண்டி நிறுத்துமிடத்தில், கீழ்க் குறிப்பிடப்படும் மாணவர் மூவர் எனது மகனின் புத்தகப் பையைப் பறித்துச் சேற்றில் எறிந்து, இழிவான பெயர் கூறி, முதுகில் தாக்கினர். கடமையிலிருந்த ஆசிரியருக்கு அறிவித்தும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. இச்சம்பவத்தைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் பதியுமாறும், இடைவேளையில் அவ்விடத்தில் மேற்பார்வைக்கு ஒழுங்கு செய்யுமாறும், எனது மகனின் வகுப்பையோ இருக்கையையோ அவரது சம்மதமின்றி மாற்ற வேண்டாமெனவும், எடுத்த நடவடிக்கையை 14 நாட்களுக்குள் எழுத்தில் அறியத் தருமாறும் வேண்டுகிறேன்."

கோரிக்கைகள் நான்கும் அளந்து போடப்பட்டவை. "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் எடுத்ததாகச் சொல்வது இலகு. வகுப்பு மாற்றம் பற்றி முன்கூட்டியே சொல்வது ஏனென்றால், அதிபர்மார் முதலில் நீட்டும் தீர்வு அதுதான். அடிபட்டவர் மாற, அடித்தவர் இருந்த இடத்திலேயே இருப்பார். பாடசாலை முழுவதும் அதை யாருக்குத் தண்டனை என்று வாசிக்கும் என்பது தெரிந்ததே.

இரண்டாவதாக நீட்டப்படுவது சமாதானம். இரண்டு பக்கத்தையும் அழைத்து, மன்னிப்புக் கேட்க வைத்து, கைகுலுக்க வைப்பது. சம பலமுள்ள இருவர் சண்டைக்கு அது சரி. மூன்று பேர் சேர்ந்து ஒருவரை மாதக்கணக்கில் அலைக்கழித்ததற்கு அது உதவாது. அலுவலகத்தில் மன்னிப்பு, மாலை ரியூட்டரி வாசலில் பழிவாங்கல். "சமாதானம் வேண்டாம், மேற்பார்வையும் பதிவும் வேண்டும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஆபத்து பெரியது. ஆசிரியர் புகார் கொண்டுவரும்போது, அதிபர் பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து "உங்கட மகனின்ட போக்கு சரியில்ல" என்று சொல்லிவிடுவது. அன்றிரவே வீட்டில் அடி விழலாம். ஆகவே ஆசிரியராகப் போகிறவர் அதிபரிடம் முதல் வசனமாகவே, "வீட்டுக்குச் சொல்லுறது எண்டா தாக்குதல் நடந்ததை மட்டும் சொல்லுவம் சேர், காரணம் பற்றி நாங்க கதைக்கத் தேவையில்ல" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடித்தது ஆசிரியர் என்றால், கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்கிறது. அதன் இலக்கத்தைக் கடிதத்தில் எழுதுங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே தாக்குவதையும் துன்புறுத்துவதையும் குற்றமாக்குகிறது. வாசலில் நிறுத்தி எல்லார் முன்னும் முடியை வெட்டிவிடுவது, கூட்டத்தில் நடந்து காட்டச் சொல்வது போன்றவற்றையும் எழுத்தில் கொண்டுவாருங்கள். "ஒழுக்கம்" என்ற பெயரில் இவை கடந்துபோக விடக்கூடாது.

மேலே போகும் வழி

14 நாளில் பதில் இல்லையென்றால் வலயக் கல்விப் பணிப்பாளர். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என ஐந்து வலயங்கள். அம்பாறை மாவட்டத் தமிழ்மொழிப் பாடசாலைகள் பெரும்பாலும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களில் வரும். அதற்கு மேலே திருகோணமலையிலுள்ள கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம். தேசிய பாடசாலை என்றால் நிர்வாகம் மத்திய கல்வி அமைச்சிடம், ஆகவே பத்தரமுல்லை இசுருபாயவுக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.

பாடசாலைக்கு வெளியே 1929 இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். பிள்ளையும் எடுக்கலாம். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். ஒரு விடயம் மட்டும் கவனம். எங்கள் ஊர்களில் உத்தியோகத்தர் பிள்ளையின் மாமியாகவோ பக்கத்து வளவுக்காரராகவோ இருக்கக்கூடும். போகுமுன் யார் என்று விசாரியுங்கள். உறவென்றால் 1929 வழியாகப் போவது நல்லது.

அரச பாடசாலையின் ஆசிரியரோ அதிபரோ பாகுபாடு காட்டினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போகலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு, அவசர இலக்கம் 1996. இங்கே காலம் முக்கியம். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. "பதில் வரட்டும் பார்ப்போம்" என்று இரண்டு மாதம் இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். சக மாணவர் அடித்ததற்கு இந்த வழி நேரடியாகப் பொருந்தாது. தெரிந்தும் தடுக்காத நிர்வாகத்துக்கு எதிராகவே பொருந்தும்.

போனில் வந்தால்

வட்ஸ்அப் குழுவில் கேலிப் படம், பொய்க் கணக்கில் பேஸ்புக் பதிவு என்றால், அழிக்குமுன் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கணக்கின் பெயர், தொலைபேசி இலக்கம், திகதி, நேரம் தெரிய வேண்டும். எடுத்ததைப் பிள்ளையின் போனிலிருந்து நீக்கி, ஒரு பெரியவரின் மின்னஞ்சலில் வையுங்கள். வீட்டில் போன் வாங்கிப் பார்ப்பது வழக்கம்.

பிள்ளையின் நிர்வாணப் படம் பரவுகிறதென்றால் விதி வேறு. "ஆதாரம்" என்று அதைச் சேமிக்கவோ அதிபருக்கோ உறவினருக்கோ அனுப்பவோ கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவரின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே குற்றமாகக் கொள்ளப்படலாம், நல்ல எண்ணம் அதை மாற்றாது. படம் தெரியாமல் இணைப்பையும் கணக்கின் பெயரையும் மட்டும் குறித்துக்கொண்டு 1929க்குச் சொல்லுங்கள். 'டேக் இட் டவுன்' (Take It Down) என்ற இலவச இணையச் சேவையில், படத்தைப் பதிவேற்றாமலே அதன் டிஜிட்டல் கைரேகை போன்ற அடையாளத்தை மட்டும் கொடுத்து, பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்றவற்றில் நீக்கக் கேட்கலாம். வட்ஸ்அப் தனி உரையாடல்களுக்குள் அது எட்டாது. படத்தை வைத்துப் பணமோ வேறெதுவுமோ கேட்டு மிரட்டினால் கொடுக்க வேண்டாம். ஒரு தடவை கொடுத்தவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

வீடு

வீட்டுக்குத் தெரியாமல் வைப்பதா, சொல்வதா என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள். சொல்லத் தீர்மானித்தால், முதலில் யாருக்குச் சொல்வதென்பதில் எல்லாம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தாய்வழிக் குடி, அம்மம்மாவின் சொல், தாய்மாமனின் சொல் எடுபடும் வீடுகள் ஏராளம். தகப்பனைச் சமாளிக்கக்கூடிய ஒருவர் அந்தப் பக்கத்தில் இருந்தால் அவரிலிருந்து தொடங்குங்கள். வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் வழக்கத்தால், ஒரு பெண்பிள்ளை "எனக்குக் கலியாணம் வேண்டாம்" என்றால் பேச்சு காணி, தங்கச்சிமாரின் கலியாணம் என்று விரியும். பதினைந்து வயதில் அந்தப் பேச்சை எடுக்கத் தேவையில்லை. "படிப்பு முடியட்டும்" என்பது எல்லா வீட்டிலும் மதிக்கப்படும் வசனம்.

தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலையில், பிள்ளை அம்மம்மாவோடு என்றால், புகார்க் கடிதத்தில் யார் ஒப்பமிடுவதென்று முன்னமே தீர்மானியுங்கள். பொறுப்பாளராகப் பாடசாலையில் பதிந்திருப்பவரே ஒப்பமிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சாட்டில் கடிதம் திரும்பும். தூரத்திலிருக்கும் தாய்க்கு முழுக் கதையையும் இரவில் வொய்ஸ் மெசேஜில் அனுப்பாதீர்கள். அவர் பதறி, முதலில் எடுப்பது ஊரிலுள்ள அண்ணனுக்குத்தான்.

தெரிந்த பிறகு சில வீடுகள் பரிகாரம் தேடும். கட்டுக் கட்டுவது, பேயோட்டுவது, உபவாச ஜெபம், ஓதிப் பார்ப்பது, சீக்கிரம் கலியாணம் செய்துவைப்பது. பக்தியை எதிர்த்து வாதாடாதீர்கள், வீட்டுக்காரர் கதவை மூடிவிடுவார்கள். "கும்பிடுங்க, துஆ கேளுங்க, அதில ஒரு பிழையுமில்ல. ஆனா பிள்ளைக்கு அடிக்கிறது, பட்டினி போடுறது, அடைச்சு வைக்கிறது வேண்டாம் உம்மா" என்று கோடு கிழியுங்கள். 18 வயதாகாத பிள்ளைக்குக் கலியாணம் பேசினாலோ, அடைத்து வைத்தாலோ, 1929க்கு எடுக்கத் தயங்க வேண்டாம்.

வைத்திய உதவி வேண்டுமென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு அரச சேவை, கட்டணமில்லை. எதற்காகப் போகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும்: பயம், நித்திரையின்மை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு. பாலீர்ப்பை மாற்றுவதாக யாராவது சொன்னால் அங்கிருந்து எழும்பி வாருங்கள், அப்படி ஒரு சிகிச்சை இல்லை. திருநங்கை, திருநம்பி இளையோருக்குச் சுகாதார அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. மனநல வைத்திய நிபுணரின் மதிப்பீட்டுக்குப் பின் அது கிடைத்தால், பிறப்புச் சான்றிதழில் பாலைத் திருத்தலாம். இப்படி ஒரு வழி சட்டப்படி இருக்கிறதென்று தெரிவதே சில பிள்ளைகளைப் பரீட்சைவரை தாங்கிப் பிடிக்கும்.

உயிர் ஆபத்து

பொருட்களைப் பங்கிட்டுக் கொடுப்பது, திடீரென்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது, "நான் இல்லாட்டி ஆருக்கும் கரைச்சலில்ல" என்ற பேச்சு, அழுதுகொண்டிருந்த பிள்ளை காரணமில்லாமல் சட்டென்று அமைதியாவது. இவற்றில் ஒன்றைக் கண்டால் நேரே கேளுங்கள்: "சாக வேணும் எண்டு நினைப்பு வருதா மனே?" கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்பது வீண் பயம், நேரே கேட்டால்தான் பிள்ளை சொல்லும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள ஒருவரிடம், அடையாளம் பற்றி ஒன்றும் சொல்லாமல், "பிள்ளை பெரிய மனக்கஷ்டத்தில இருக்கு, இண்டைக்குக் கூட இருங்க" என்று சொல்லுங்கள். வயல் வீடுகளில் பூச்சிமருந்துப் போத்தல்கள் அடுப்படிக்குப் பக்கத்திலோ கொட்டிலிலோ திறந்தபடி கிடக்கும். அவை அன்றைக்கே வேறு வீட்டுக்குப் போக வேண்டும், அம்மம்மாவின் மாத்திரைப் பையும் பூட்டில் இருக்க வேண்டும். இந்த எண்ணம் பெரும்பாலும் ஓர் அலையாய் வந்து தணிவது. அந்த நேரத்தில் கை நீட்டும் தூரத்தில் எதுவும் இல்லாதிருப்பது உயிரைக் காக்கும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இலவச ஆலோசனைக்கு 1333. ஏற்கனவே ஏதும் விழுங்கியிருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், 1990 அம்புலன்ஸ்.

பாடசாலை மாறுவதென்றால்

எல்லாம் செய்தும் அடங்காவிட்டால் மாறுவது தோல்வியல்ல. ஆனால் கல்லடியிலிருந்து கல்முனைவரை ஒரே கடற்கரை ரோட்டு, ரியூட்டரிகளும் அதே ரோட்டில்தான். அடுத்த ஊர்ப் பாடசாலைக்குப் பட்டப்பெயர் பிள்ளைக்கு முன்னே போய்ச் சேரும். மாறுவதென்றால் ரியூட்டரியையும் பஸ்ஸையும் சேர்த்து மாற்றத் திட்டமிடுங்கள். சாதாரண தரப் பரீட்சை ஆண்டின் நடுவில் மாறினால் விண்ணப்பமும் பாடத் தெரிவும் சிக்கும். தரம் 10 தொடங்குமுன், அல்லது பரீட்சை முடிந்து உயர்தரத்துக்குப் போகும்போது மாறுவது சுமுகம்.

புதிய அதிபரிடம் காரணமாக "தாக்குதல் நடந்தது, நடவடிக்கை போதவில்லை" என்பதைச் சொன்னால் போதும். பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தை அலுவலகத்தில் நின்றபடியே வாசியுங்கள். நடத்தை பற்றிய இடத்தில் "ஒழுக்கக்கேடு" போன்ற ஒரு சொல் இருந்தால், வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்காமல், அங்கேயே, எந்த ஒழுக்காற்று விசாரணையில் எந்தத் திகதியில் அது தீர்மானிக்கப்பட்டதென்று கேளுங்கள். விசாரணை நடக்கவில்லையென்றால் திருத்திய பத்திரம், அதிபரின் ஒப்பம், முத்திரை மூன்றும் கைக்கு வரும்வரை நில்லுங்கள். தர மறுத்தால் அந்தப் பத்திரத்தின் பிரதியோடு அடுத்த நாளே வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள்.